கை ஓயலாமா?

மார்பில் தோன்றிய புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் பெண்மணியை நம் குடும்பங்கள் மிகுந்த அன்புடன் வரவேற்கின்றன. அந்த அன்பு இடும் முதற் கட்டளை யாது தெரியுமா? "அந்தக் கையால் ஒன்றும் செய்யாதே!" என்பதுதான். குடம் தூக்கலாகாது, துணி பிழியலாகாது, பேரக் குழந்தையை எடுக்கலாகாது. கை வீங்கிவிடுமே என்ற அச்சந்தான் காரணம். அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்குச் சொல்லும் பரிகாரம் சரிதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

வயலுக்கு வாய்க்கால் மட்டும் இருந்தால் போதாது. மிகுந்த நீர் வெளியேற வடிகாலும் வேண்டும். நம் தேகமும் அப்படியே. இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் எஞ்சுவதை நுண்ணிய குழாய்கள் சேகரித்து, மீண்டும் இரத்தத்தில் கொண்டு சேர்க்கின்றன. இதற்கு நிணநீர் என்று பெயர். வழியில் அதனை வடிகட்டும் சிறு முடிச்சுகள் உண்டு. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் "நெறி கட்டியிருக்கிறது" என்கிறோமே, அந்த இடத்தில் இருப்பவை இம்முடிச்சுகளே.

கையின் நிணநீரும் மார்பின் நிணநீரும் பெரும்பாலும் அக்குளிலுள்ள முடிச்சுகளின் வழியே செல்கின்றன. புற்றுநோயும் அவ்வழியே பரவக்கூடுமாதலால், அம்முடிச்சுகளை அகற்றவோ, அவ்விடத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்யவோ வைத்தியர்களுக்கு நேருகிறது. வடிகால் தூர்ந்த வயலில் நீர் தேங்குவது போலக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் காண்கிறது. சிலருக்குச் சில மாதங்களிலும், வேறு சிலருக்குப் பல வருஷங்கள் கழித்தும் இது வருவதுண்டு.

மார்பையும் அதன் அடித்தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் ஒருங்கே அகற்றும் முறையைப் பரப்பியவர், அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலிருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் ரணசிகிச்சை நிபுணர். 1921-ம் வருஷத்தில் அவரே இவ்வீக்கத்தைப் பற்றி எழுதி, 'ரணசிகிச்சையால் வந்த யானைக்கால்' என்று பொருள்படும் பெயரை இட்டார். இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. நிணநீர் முதலில் சென்று சேரும் ஓரிரு 'காவல் முடிச்சு'களை மட்டும் எடுத்துச் சோதித்து, நோய் பரவவில்லையெனில் மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். அக்குள் முடிச்சுகளைப் பெருமளவில் அகற்றியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு வீக்கம் வருமானால், காவல் முடிச்சை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 20 பேரில் ஒருவருக்கே வருகிறது.

இனி, கைக்கு ஓய்வு வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். வெகுகாலம் மேல்நாட்டு வைத்தியர்களும் நம் பாட்டிமார் சொல்வதையேதான் சொல்லி வந்தார்கள். 1996-ம் வருஷத்தில் கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்ஸி என்ற டாக்டர், மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 ஸ்திரீகளைத் திரட்டினார். படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகு எனப்படும் நீண்ட சீனப் படகில் அவர்களைத் துடுப்புப் போடச் செய்தார். கைக்கு அதைவிடக் கடும் வேலை ஏது? அவர்களில் ஒருவருக்கும் புதிதாக வீக்கம் காணவில்லை! பின்னர் 2009-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், முன்பே கை வீங்கியிருந்த 141 ஸ்திரீகள் பங்குகொண்டார்கள். அவர்களில் ஒரு சாரார் வாரம் இருமுறை, சிறிது சிறிதாகக் கூட்டிய எடைகளைத் தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, அது திடீரென்று மிகும் தொந்தரவுகூடக் குறைந்தது. தசைகள் சுருங்கி விரியும்போது தேங்கிய நீரை மேலே தள்ளுகின்றன என்பதே இதன் சூட்சுமம்.

இதனால் ரணம் ஆறுமுன்பே அரிசி மூட்டையைத் தூக்கலாம் என்று பொருளன்று. வைத்தியர் சொற்படி தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

வீக்கத்தின் முதல் அடையாளங்களைச் சகோதரிகள் தாமே அறியலாம். வளையல் இறுகும், மோதிரம் கழலாது, ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிக்கும், கை கனப்பதாகத் தோன்றும். சிகிச்சைக்கு முன்பே இரு கைகளின் சுற்றளவையும் நாடாவால் அளந்து குறித்துக்கொண்டு, பின்னர் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பது உத்தமம். தொடக்கத்திலேயே சென்றால், அழுத்தும் கையுறை, பட்டைக்கட்டு, பயின்றவர் செய்யும் மென்மையான நீவுதல், தேகப் பயிற்சி ஆகியவற்றால் பெரிதும் அடக்கலாம். முரட்டுத்தனமாக எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது ஆகாது. உடல் எடை மிகாமல் காப்பதும் அவசியம்.

காய் நறுக்கும் போதும் தாளிக்கும் போதும் அக்கையில் வெட்டும் சுடுபுண்ணும் படாதவாறு கவனம் வேண்டும். தோல் சிவந்து, சுட்டு, ஜுரமும் கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் செல்க. கிருமி புகுந்ததன் அறிகுறி அது. கை திடீரென்று வீங்கி வலித்தாலும் தாமதம் கூடாது. இரத்தக் கட்டோ, பழைய நோயோ காரணமாயிருக்கலாம்.

நம் பெண்மணிகளிடம் ஒரு குணம் உண்டு. உயிர் பிழைத்ததே பெரிது, கை வீங்கினால் என்ன என்று முந்தானையால் மூடிக்கொண்டு மௌனமாயிருப்பார்கள். அந்த மௌனத்தில் கழியும் மாதங்களிலேதான் மென்மையான வீக்கம் கெட்டியாகி நிலைத்துவிடுகிறது. ஆகையால் வீட்டிலுள்ளோர், "கையை அசைக்காதே" என்று சொல்வதை விடுத்து, "வளையல் இறுகுகிறதா?" என்று கேட்பார்களாக. மருமகள் அளவு நாடாவை எடுக்கட்டும். கணவர் வைத்தியரிடம் உடன் செல்லட்டும். பேரக் குழந்தையைப் பாட்டியின் மடியில் வைப்பதற்கும் அஞ்ச வேண்டியதில்லை.