பூனையில் தொடங்கி முகம் வரை

யுத்தத்தில் ஓடியபோது கையில் அகப்பட்டதைத்தான் எடுத்தோம். பிள்ளையைத் தூக்கினோம், உடுப்புப் பையை எடுத்தோம். கல்யாண அல்பம் அலுமாரியிலேயே நின்றுவிட்டது. இன்று எம்மில் பலரிடம், இல்லாமற் போனவரின் நினைவாக எஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சிறு படம் மட்டுமே. அந்த முகத்தைப் பெரிதாகக் கீறி வைக்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லலாம்: முகம் வரைவது பிறவியில் வரும் வரம் அல்ல. தையலைப் போலப் பழகினால் வரும் கைவேலை அது.

மெக்சிகோ நாட்டுப் பெண் பிரிடா காலோவும் துன்பத்தின் நடுவில்தான் தூரிகையை எடுத்தார். 1925இல், 18 வயதில், பஸ் விபத்தில் முள்ளந்தண்டு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். படுத்தபடியே வரைவதற்குத் தாயார் ஒரு தாங்கியைச் செய்வித்துக் கொடுத்தார்; கட்டிலுக்கு மேலே கண்ணாடியும் பொருத்தப்பட்டது. கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தையே பிரிடா வரைந்தார். பின்னர் தாம் வளர்த்த குரங்கையும் கிளியையும் நாயையும் தம்மோடு சேர்த்து வரைந்தார்.

நாமும் வீட்டுப் பூனையிலோ நாயிலோ தொடங்கலாம். மனித முகத்தில் சிறு பிழையும் 'இது அவர் இல்லை' என்று காட்டிவிடும். பூனை அப்படிக் குறை சொல்லாது. அது தூங்கும்போது வரையுங்கள். முதலில் உடலின் வடிவத்தை மெல்லிய கோட்டில் கீறுங்கள். பிறகு மயிர் சாய்ந்திருக்கும் பக்கமாகவே பென்சிலை இழுங்கள். எச்.பி., 2பி, 6பி ஆகிய மூன்று பென்சிலும் ஒரு அழிறப்பரும் போதும்.

அடுத்து, பக்கத்தில் இருப்பவரின் முகம். புதிதாகக் கீறுபவர்கள் கண்ணை நெற்றிக்கு அருகில் வைத்துவிடுவார்கள். உண்மையில் உச்சந்தலைக்கும் நாடிக்கும் சரிநடுவில்தான் கண்கள் உள்ளன. இரு கண்களுக்கும் இடையே இன்னொரு கண்ணின் அகலம் இருக்கும். புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் நேராகக் காது அமையும். கருமணியில் ஒரு சிறு புள்ளியை வெள்ளையாக விட்டால் பார்வைக்கு உயிர் வரும்.

வர்ணம் தீட்டும்போது, பெட்டியிலுள்ள இளஞ்சிவப்பைத் 'தோல் நிறம்' என்று நம்பவேண்டாம். மஞ்சளும் சிவப்பும் சிறிது நீலமும் கலந்தால் எமது நிறம் வரும்.

கை பழகிய பின் அந்தச் சிறு படத்தை எடுங்கள். மூலப்படத்தில் கோடு போடாமல், போட்டோப்பிரதி எடுத்து அதன்மேல் அரைச் சென்ரிமீற்றர் சதுரங்கள் கீறுங்கள். வரையும் தாளில் இரண்டரைச் சென்ரிமீற்றர் சதுரங்கள் கீறுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை அதே கட்டத்தில் வரைந்தால் முகம் ஐந்து மடங்கு பெரிதாகும்.

ஆனால் அந்த முகத்தை முதற் படமாக வரைய வேண்டாம். பிழைத்தால் மனம் நோகும். வரையும்போது நெஞ்சு அடைத்தால் மூடி வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். படம் காத்திருக்கும். வராதவரின் படத்தை வரைவதால் அவரை மறந்துவிட்டோம் என்றோ, தேடுவதை விட்டுவிட்டோம் என்றோ ஆகாது.

நுகேகொடையில் இருப்போர் 138ஆம் இலக்க பஸ்ஸில் விகாரமகாதேவி பூங்காப் பக்கம் போகலாம். அருகிலுள்ள ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 முதல் நடந்துவரும் 'கலா பொல' ஓவியச் சந்தையில், எதிரே உட்கார வைத்து முகம் வரைபவர்களைப் பார்க்கலாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைச் சகோதரிகளுக்கும் அது தூரமில்லை. ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நின்று பாருங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

இன்று மாலை பூனை தூங்கும்போது பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு பக்கத்தைத் திருப்புங்கள். முதற் படம் பூனை போல இல்லாவிட்டாலும் கிழிக்காமல் திகதி போட்டு வையுங்கள். பத்தாவது படம் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.