வழக்கு அவர்களுக்குள், பிரீமியம் உங்கள் தலையில்

கல்யாணப் பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், மொய் எழுதுவது மட்டும் அவரவர் இஷ்டம் என்று அறிவித்துவிட்டால் என்ன ஆகும்? 2010-ல் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்து முதல் பெரிய வழக்கு வந்தபோது அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு இருந்த பயம் இதுதான். சர்க்கரையோ புற்றுநோயோ, ஏற்கெனவே நோய் உள்ளவர் வந்தாலும் பாலிசி மறுக்கக் கூடாது, அதைக் காட்டிக் கூடுதலாகக் கேட்கவும் கூடாது என்றது சட்டம். அதற்கு ஈடாக, நோயில்லாதவர்களும் பாலிசி எடுத்தாக வேண்டும், தவறினால் அபராதம். நீதிமன்றம் மொய்யை மட்டும் ரத்து செய்துவிட்டுப் பந்தியை அப்படியே விட்டுவைத்தால்?

2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அபராதத்தை வரி என்று எடுத்துக்கொண்டு சட்டத்தைக் காப்பாற்றியது. வேடிக்கை என்னவென்றால், 2019-லிருந்து அந்த அபராதத்தை நாடாளுமன்றமே பூஜ்யமாக்கிவிட்டது. ஆனாலும் பந்தி கலைந்துவிடவில்லை. பிரீமியத்துக்கு அரசின் மானியம் கிடைத்தவரை ஜனங்கள் பாலிசியை விடவில்லை.

அதே தீர்ப்பு இன்னொரு காரியமும் செய்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்றது. டெக்சாஸும் ஃபுளோரிடாவும் இன்றுவரை விரிவாக்கவில்லை. அதனால் டெக்சாஸில் வறுமைக்கோட்டுக்குக் கீழே சம்பாதிக்கும், பிள்ளையில்லாத ஒரு தொழிலாளிக்குப் பெரும்பாலும் மெடிகெய்டும் இல்லை, மானியமும் இல்லை. மானியம் வறுமைக்கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

இவையெல்லாம் செய்தித்தாளில் வந்த வழக்குகள். பாலிசிதாரரின் பையைத் தொட்ட வழக்குகள் வேறு. அவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

சட்டம் உருவாக்கிய புதிய பாலிசிச் சந்தையில் யார் வருவார்கள், எவ்வளவு செலவாகும் என்று கம்பெனிகளுக்குத் தெரியாது. முதல் மூன்று ஆண்டுகள், 2014 முதல் 2016 வரை, அளவுக்கு மீறி நஷ்டப்பட்டால் ஒரு பங்கை அரசு தரும் என்று சட்டம் வாக்களித்தது. அதை நம்பி விலையைக் குறைத்து வைத்தார்கள். 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் பட்ஜெட் சட்டத்தில் ஒரு வரியைச் செருகி அந்தப் பணத்துக்கு வழியடைத்தது. முதல் ஆண்டுக்குக் கம்பெனிகள் கேட்டது 287 கோடி டாலர். வந்தது 36 கோடி சொச்சம். 100 டாலர் கேட்டவருக்கு 12 டாலர் 60 சென்ட்!

பெரிய கம்பெனிகள் தாங்கிக்கொண்டன. அரசுக் கடனில் தொடங்கப்பட்ட 23 கூட்டுறவு இன்ஷூரன்ஸ் நிறுவனங்களில் 12, 2015 முடிவதற்குள் இழுத்து மூடப்பட்டன. இல்லினாய்ஸில் லேண்ட் ஆஃப் லிங்கன் என்ற நிறுவனம் 2016-ல் ஆண்டு நடுவிலேயே படுத்தது. சுமார் 49,000 பேர் வேறு பாலிசி தேட வேண்டியதாயிற்று. இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடி உண்டு. காப்பீடு பேசத் தொடங்குமுன் நோயாளி கைக்காசு போட வேண்டிய தொகைக்கு டிடக்டிபிள் என்று பெயர். ஜனவரியிலிருந்து கட்டிக் கட்டி அதை முடித்து வைத்திருப்பார். கம்பெனி மாறினால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடலாம்.

வராத அந்தப் பணத்துக்காகக் கம்பெனிகள் போட்ட வழக்கில், 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று கம்பெனிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மொத்த பாக்கி சுமார் 1,200 கோடி டாலர். அதற்குள் செத்தவை செத்துவிட்டன.

அடுத்தது இன்னும் சுவாரசியம். வருமானம் குறைந்தவர்களிடம் டிடக்டிபிளையும் ஆஸ்பத்திரிக் கட்டணத்தையும் குறைத்து வாங்க வேண்டும் என்பது கம்பெனிகளுக்குச் சட்டம் இட்ட கட்டளை. அந்தத் தள்ளுபடியை அரசு ஈடுகட்டி வந்தது. நிதி ஒதுக்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தின் கீழவையே வழக்குப் போட்டு, 2016-ல் கீழ் நீதிமன்றத்தில் வென்றது. 2017 அக்டோபரில் டிரம்ப் அரசு பணத்தை நிறுத்தியது. தள்ளுபடி தரும் கடமை மட்டும் அப்படியே நின்றது. கம்பெனிகள் என்ன செய்யும்? தள்ளுபடி கிடைக்கும் ‘சில்வர்’ திட்டத்தின் விலையில் அந்தச் சுமையை ஏற்றின. மானியம் சில்வர் விலையை வைத்துக் கணக்கிடப்படுவதால் அதுவும் கூடவே ஏறியது. மானியம் வாங்குகிறவர் தப்பித்தார். மானியமில்லாமல் முழுப் பணம் கட்டுபவர்தான் மாட்டிக்கொண்டார். சில ஊர்களில் ‘கோல்டு’ திட்டம் சில்வரைவிட மலிவாகக் கிடைத்த கூத்தும் நடந்தது.

அதனால் திட்டம் தேர்ந்தெடுக்கும்போது வருமானத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வறுமைக்கோட்டின் இரண்டரை மடங்குக்குள் இருப்பவருக்கு அந்தத் தள்ளுபடி சில்வரில் மட்டும்தான் கிடைக்கும். பிரீமியம் குறைவு என்று ‘பிரான்ஸ்’ (வெண்கலம்) திட்டத்தின் பக்கம் போனால் பெரும்பாலும் நஷ்டம். மானியமே கிடையாது என்பவர், அரசுச் சந்தைக்கு வெளியே அதே கம்பெனி விற்கும் சில்வரையும் விசாரிக்க வேண்டும். பல மாநிலங்களில் அதில் இந்தச் சுமை ஏற்றப்படுவதில்லை.

ஒரு வழக்கு நடக்கும்போது கம்பெனி தன் பயத்துக்கும் விலை போடும். அளவுக்கு மீறிப் போட்டால் திருப்பித் தர வைக்கும் விதியும் உண்டு: தனிநபர் பாலிசிகளில் பிரீமியத்தின் 80 சதவீதமாவது மருத்துவச் செலவுக்குப் போக வேண்டும். இத்தகைய விதிகளின் கணக்கில், குழுப் பாலிசிகளையும் சேர்த்து, 2020-ல் கம்பெனிகள் திருப்பிய தொகை 250 கோடி டாலரை ஒட்டி வந்தது. செப்டம்பர் மாத வாக்கில் காசோலை வந்தால் விளம்பரக் காகிதம் என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

2018 டிசம்பரில் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் சட்டம் முழுவதும் செல்லாது என்றபோது, பாலிசி போய்விட்டது என்றே பலர் நினைத்தார்கள். தீர்ப்பு நடைமுறைக்கே வரவில்லை; 2021-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று வழக்கைத் தள்ளியது. இலவசத் தடுப்புச் சிகிச்சைகளை எதிர்த்த வழக்கும் 2025 ஜூனில் தோற்றது. ஆனால் எவை இலவசம் என்று பரிந்துரைக்கும் குழுவின் மேல் சுகாதார அமைச்சருக்கு உள்ள பிடியை அதே தீர்ப்பு உறுதி செய்தது. ஆகவே பட்டியல் நாளை மாறலாம். இப்படிக் குழப்பம் எழும் நேரம் பார்த்துத்தான் குறுகிய காலப் பாலிசி, செலவைப் பகிரும் மதக் குழு என்று மலிவுச் சரக்குகள் தலைகாட்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. இரண்டாவது இன்ஷூரன்ஸே அல்ல.

அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. வேலை போய்க் காப்பீடும் போனால், சந்தையில் புதுப் பாலிசி எடுக்க 60 நாள் உண்டு. ஆனால் 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2027 ஜனவரியிலிருந்து எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு மானியம் கிடையாது. கிரீன் கார்டுக்காரர்களுக்குத் தொடரும்.

இனி, கம்பெனி அனுப்பும் ஓர் உறை. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் தபாலில் வரும். ‘இது பில் அல்ல’ என்று மேலே தடித்த எழுத்தில் இருக்கும். நடுவில் கட்டம் கட்டமாக எண்கள், ஒரு மூலையில் ‘மறுக்கப்பட்டது’. பெரும்பாலோர் அங்கேயே மடித்து வைத்துவிடுகிறார்கள். அரசுச் சந்தைப் பாலிசிகளில் மறுக்கப்படும் க்ளெய்ம்களில் நூற்றில் ஒன்றுகூட மேல்முறையீட்டுக்குப் போவதில்லை என்று கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. கம்பெனியிடமே முறையிட 180 நாள் இருக்கிறது. மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று சொல்லி அங்கும் மறுத்தால், அடுத்த நான்கு மாதத்துக்குள் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத மறுஆய்வாளரிடம் போகலாம். அவர் சொல்வதற்குக் கம்பெனி கட்டுப்பட்டாக வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரமென்றால் 72 மணி நேரத்தில் பதில் வர வேண்டும். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். எங்கே அனுப்புவது என்ற முகவரி, பெரும்பாலும் யாரும் புரட்டாத கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.