பொய்க்காலும் என் கிட்டாரும்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவின் ஆலோசனை அறைக்கு வந்தவர்கள், சனிக்கிழமைகளில் அலமாரிக்கு அருகே சாய்ந்து நிற்கும் நீண்ட கறுப்புப் பையைக் கவனித்திருக்கலாம். அது ஏதோ சிகிச்சைக் கருவி என்று எண்ணி அஞ்சியவர்களும் உண்டு. பைக்குள் இருப்பது ஒரு மின் கிட்டார். பணி முடிந்த மாலைகளில் நண்பர்களுடன் வாசிப்பதற்காக எடுத்து வருகிறேன். அதைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "இது அசலா, டாக்டர்?"

இல்லை, நகல்தான். அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1959-ஆம் ஆண்டில் தயாரித்த 'லெஸ் பால்' வகைக் கிட்டாரைப் பார்த்து, கைவினைஞர் ஒருவர் கையாலேயே செய்து கொடுத்தது. மகோகனி மரத்தில் உடல், அதன்மேல் மேப்பிள் மரப்பலகை, தென்னிந்திய ஈட்டி மரத்தில் விரற்பலகை. வீணைக்கு மெட்டுகள் இருப்பதுபோல் இதற்கும் உலோக மெட்டுகள் உண்டு. ஆனால் வீணைக்கு இருப்பது போன்ற குடம் இதற்கு இல்லை. கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சூழ்ந்து பல்லாயிரம் சுற்றுகளாக மெல்லிய செப்புக்கம்பியும் இருக்கும். எஃகுக் கம்பி அதிரும்போது செப்புச்சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதையே ஓசையாக மாற்றித் தருகிறது.

அந்தக் காலத்து அசல் கிட்டார்கள் 1958 முதல் 1960 வரை ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு மட்டுமே செய்யப்பட்டன. அன்று விற்பனை குன்றியதால் அவ்வடிவத்தையே நிறுத்திவிட்டார்கள். இன்று அவற்றுள் ஒன்றை வாங்க ஒரு பெரிய வீட்டின் விலை வேண்டும். ஆகவே என் போன்றோர்க்கு நகல்தான் வழி.

இதைச் செய்தவர் என்னிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்பே மூன்று செய்திகளைச் சொன்னார். "இது அந்தப் பழைய கிட்டார் ஆகாது. அறுபது ஆண்டு உலர்ந்த மரத்தின் ஓசை இதில் உடனே வராது. முதல் ஓராண்டில் மரம் அசையும். இரண்டு மூன்று முறையாவது என்னிடம் கொண்டுவந்து சரி செய்துகொள்ள வேண்டும்." தலைப்பகுதியில் பழைய நிறுவனத்தின் பெயரைப் பொறித்துத் தரும்படி சிலர் கேட்பதுண்டாம். அவர் மறுத்துவிடுவார். தம் பெயரைத்தான் சிறிதாகப் பொறிப்பார். நகலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் தெளிவாக உணர்ந்தேன். நகல் தான் இன்னதென்று சொல்லிக்கொள்ளும். போலி அதை மறைக்கும்.

அவர் சொன்னபடியே நடந்தது. நம் கடற்கரைக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் சன்னல் கம்பி முதல் மிதிவண்டிச் சங்கிலி வரை அனைத்தையும் உப்புக்காற்று அரிப்பதை நாம் அறிவோம். மூன்றே வாரங்களில் கிட்டார்க் கம்பிகளில் துரு ஏறியது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் கழுத்துப்பகுதி சற்றே வளைந்து, கம்பிகள் மெட்டுகளை விட்டு உயர்ந்தன. அழுத்தினால் விரல் வலித்தது. கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் எஃகுத்தண்டு ஓடுகிறது. அதைத் திருகினால் வளைவு நிமிரும். கைவினைஞர் கால்மணி நேரத்தில் அதைச் சரிசெய்தார். "குறையொன்றும் இல்லை டாக்டர். உங்கள் ஊர்க் காற்றுக்குப் பழகுகிறது, அவ்வளவுதான்" என்றார்.

அந்த வாரத்தில்தான் அவர் என்னைத் தேடி வந்தார். கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த மீனவர். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். அவருடைய இசைவுடன், பெயரும் ஊரும் குறிப்பிடாமல் எழுதுகிறேன். நீரிழிவால் பாதத்தில் புண் ஏற்பட்டு, முழங்காலுக்குக் கீழே வலக்கால் அகற்றப்பட்டவர். ஓராண்டுக்கு முன் நான்தான் அவருக்குச் செயற்கைக்கால் பொருத்தப் பரிந்துரைத்தேன். இப்போது ஊன்றுகோல்களில் வந்தார். செயற்கைக்காலைத் துணிப்பையில் வைத்து மனைவி தூக்கிவந்தார்.

"ஏன் அண்ணே, போடவில்லையா?" என்றேன்.

"சொந்தக்கால் மாதிரியே இருக்கும்னு நீங்க சொன்னீங்க டாக்டர். மூணு மாசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் உள்ளே லொடலொடன்னு ஆடுது, தோல் உரியுது. பொய்க்கால்தானே, பேருலயே பொய் இருக்கேன்னு மூலையில போட்டுட்டேன்."

"நான்தான் சரியா நடக்கப் பழகலைன்னு அவுக தன்னையே திட்டிக்கிறாக டாக்டரய்யா. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுட்டாக" என்றார் மனைவி.

எனக்குச் சுருக்கென்றது. அறுவைக்குப் பிறகு எஞ்சிய காலில் உள்ள வீக்கம் முதல் சில மாதங்களில் வற்றும், தசையும் மெலியும். எனவே முதலில் கச்சிதமாக இருந்த உறை பின்னர் தளர்வது இயல்பு. அது நடப்பவரின் பிழையன்று, செய்தவரின் பிழையுமன்று. மெல்லிய பருத்தி உறைகளைக் கூடுதலாக அணிந்தோ, உறையையே மாற்றியோ அதைச் சரிசெய்யலாம். இதை நான் அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். அவருக்குத் துணிவு ஊட்டுவதாக எண்ணிக்கொண்டு "சொந்தக்கால் போலவே இருக்கும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். கிட்டார் செய்தவர் எனக்குக் காட்டிய நேர்மையை நான் என் நோயாளிக்குக் காட்டவில்லை. பொய் காலில் இல்லை. என் சொல்லில் இருந்தது. அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "மர வள்ளத்தை விட்டுட்டு பைபர் வள்ளம் வாங்கினப்போ எங்கப்பா இதையேதான் சொன்னாரு. இதெல்லாம் வள்ளமான்னாரு. ஆனா ஏறுனதும் அது எப்படிச் சாயுது, எங்கே கனம் வைக்கணும்னு புதுசா படிச்சுக்கிட்டேன். மரம்னு நெனச்சு ஓட்டியிருந்தா கவுந்திருப்பேன்" என்றார். நான் சொல்லத் தவறியதை அவரே சொல்லி முடித்தார்.

செயற்கை உறுப்பின் வரலாற்றிலும் இந்தப் பாடம் இருக்கிறது. வெளிநாட்டு வடிவில் செய்த செயற்கைப் பாதங்களைக் காலணி இல்லாமல் அணிய இயலாது. அவற்றுடன் குந்தவும் சம்மணமிட்டு அமரவும் முடியாது. இந்த இடர்ப்பாட்டை உணர்ந்து, ஜெய்ப்பூரில் அறுவை மருத்துவர் பி. கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் இணைந்து 1968-இல் ரப்பரால் ஒரு பாதத்தை உருவாக்கினர். அதுவே 'ஜெய்ப்பூர் கால்'. வெறுங்காலுடன் வயல்வரப்பில் நடக்கவும் தரையில் அமரவும் அது உதவியது. இதற்காகச் சேத்தி 1981-இல் மகசேசே விருது பெற்றார். மனிதப் பாதத்தை அணு அணுவாக நகலெடுக்க அவர்கள் முயலவில்லை. நம் மக்கள் அன்றாடம் காலால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

என் கிட்டாருக்குப் பெயர் தந்த இசைக்கலைஞர் லெஸ் பாலின் வாழ்வும் இதற்குச் சான்று. 1948-இல் கார் விபத்தில் அவரது வலது முழங்கை நொறுங்கியது. மூட்டை மீண்டும் இயங்கவைக்க இயலாது. ஒரே கோணத்தில் இறுக்கித்தான் பொருத்த முடியும் என்றனர் மருத்துவர்கள். கிட்டார் வாசிக்க ஏற்ற கோணத்தில் பொருத்துமாறு அவர் கேட்டுக்கொண்டார். தேறிவர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1952-இல், அவர் பெயர் தாங்கிய கிட்டார் வெளிவந்தது. முதுமையில் மூட்டுவாதம் விரல்களை முடக்கியபோதும் வாசிப்பதை அவர் விடவில்லை. 2009-இல் தமது 94-ஆம் வயதில் மறைந்தார்.

இங்கிலாந்தின் டோனி அயோமி 17 வயதில், 1965-இல், தொழிற்சாலை இயந்திரத்தில் இரு விரல்நுனிகளை இழந்தவர். நெகிழிப் புட்டியை உருக்கி, பழைய தோல் துண்டை ஒட்டித் தாமே விரல்நுனிகளைச் செய்துகொண்டார். கம்பிகளையும் மெல்லியனவாக மாற்றிக்கொண்டார். இழந்த விரலைப் போல அவை இருக்கவில்லை. ஆனால் அவற்றைக் கொண்டு அவர் எழுப்பிய ஓசை உலகெங்கும் கேட்டது.

செயற்கைக்கால் பெறவிருப்போரும் அவர்தம் குடும்பத்தாரும் மனத்தில் கொள்ள வேண்டியவை சில:

அறுவைக்குப் பிறகு எஞ்சிய காலின் கீழ்த் தலையணை வைத்துப் படுக்காதீர்கள். சுகமாகத் தோன்றினாலும் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு செயற்கைக்கால் பொருத்துவது கடினம்.

இல்லாத பாதத்தில் வலியோ அரிப்போ தோன்றினால் அஞ்ச வேண்டாம். அது மனநோய் அன்று, நரம்புகளின் இயல்பு. மருந்தும் கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. மறைக்காமல் சொல்லுங்கள்.

நாள்தோறும் இரவில் எஞ்சிய காலின் தோலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு மறையாமல் நீடித்தாலோ, கொப்புளமோ புண்ணோ தென்பட்டாலோ அணிவதை நிறுத்தி உடனே வாருங்கள். நீரிழிவு உள்ளோர்க்கு வலி தெரியாமலேயே புண் உண்டாகும். மற்றொரு பாதத்தையும் அவ்வாறே நாள்தோறும் பாருங்கள். இனி இரு கால்களின் சுமையையும் தாங்கப்போவது அதுதான்.

உறை தளர்ந்தால் நீங்களே துணியைச் சுருட்டித் திணிக்காதீர்கள். முதல் ஆண்டில் பல முறை சரிசெய்ய நேரிடுவது இயல்பே.

கடல்நீரும் மணலும் பட்டால் நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலோகப் பகுதிகளை ஈரமின்றி உலர்த்துங்கள்.

பொருள்வசதி இல்லாதோர் தயங்க வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாக விலையின்றிச் செயற்கைக்கால் பெற வழியுண்டு. விண்ணப்பத்திற்கான மருத்துவச் சான்று குறித்து எங்கள் பிரிவில் கேளுங்கள்.

அந்த மீனவருக்குப் புதிய உறை செய்து பொருத்தினோம். இம்முறை நான் சொன்னது வேறு: "அண்ணே, இது உங்கள் சொந்தக்கால் ஆகாது. ஈரமணலில் தடுமாறும். நெடுநேரம் நின்றால் வலிக்கும். ஆனால் வீட்டிலிருந்து கரைக்கு நடந்து போகலாம். தளர்ந்தால் உடனே வாருங்கள்."

கடந்த மாதம் மறுபார்வைக்கு வந்தார். ஊன்றுகோல் ஒன்று மட்டும் கையில் இருந்தது. வலை சீர்செய்யும் கொட்டகைக்கு நாள்தோறும் நடந்தே செல்வதாகச் சொன்னார். மீண்டும் கடலுக்குப் போவாரா என்பதை இருவரும் இன்னும் முடிவு செய்யவில்லை. புறப்படும்போது மூலையிலிருந்த கறுப்புப் பையைச் சுட்டி, "அது என்ன டாக்டர்?" என்றார். எடுத்துக் காட்டினேன். வழக்கமான கேள்வியை எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்குமே, துடைச்சு வைக்கிறீங்களா?"

— சிறப்பு மருத்துவர், உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுப் பிரிவு