கணினிக்குள் கணினி: மாணவர் கோப்பு வெளியே வந்த வழி

பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். ஆய்வகத்தில் விண்டோஸ்தான். லினக்ஸையும் பழக்க விரும்பி, விர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருளுக்குள் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவினேன். விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் வந்ததே, அதுதான்.

வெளியே இருப்பது வீட்டுக்காரர். உள்ளே ஓடுவது விருந்தாளி. துணைநிரல் இல்லாவிட்டால் விருந்தாளியின் திரை சிறிதாகவே நிற்கும். இருவருக்கும் பொதுவான கோப்புறையும் கிடைக்காது. இக்குறையைத் தீர்ப்பது 'கெஸ்ட் அடிஷன்ஸ்'. விஎம்வேர் நிறுவனமும் 2007இல் தன் கருவிகளின் மூலநிரலைத் திறந்து, 'ஓபன் விஎம் டூல்ஸ்' என வழங்கியது.

இதில் ஒரு பகுதி கெர்னலுடன் ஒட்டி ஓடும் தொகுதி. ஓடுகின்ற கெர்னலுக்கென்றே அதைத் தொகுக்க வேண்டும். அதற்கு ஜிசிசி, மேக் ஆகியவற்றுடன் அதே பதிப்பின் ஹெடர் கோப்புகளும் தேவை. நான் சறுக்கியது இங்கேதான். செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு லினக்ஸைப் புதுப்பித்தேன். கெர்னல் மாறியது, தொகுதி பழையதாகவே நின்றது. பகிர்வுக் கோப்புறையைக் காணோம். பிள்ளைகளின் பதிவேட்டுக் கோப்புகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன.

புதிய ஹெடர்களையும் டிகேஎம்எஸ் நிரலையும் நிறுவி, துணைநிரலை மறுபடி தொகுத்தேன். கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் தானே தொகுத்துவிடும். (2020இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் பகிர்வுத் தொகுதி கெர்னலிலேயே உண்டு.) அப்போதும் 'அனுமதி இல்லை' என்றது. பயனரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்ததும் கோப்புறை திறந்தது.