மேலே நின்று கயிறு பிடிப்பவர்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில், குளிப்பவரின் உயிர் அவர் கையில் இல்லை. படகில் நின்று கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் முத்துப் பாருக்கு இறங்குவார். மேலே நிற்பவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். கீழே கை ஓய்ந்து, கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். கணம் தாமதித்தாலும் ஆபத்து. அதனால் அந்தக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பது வழக்கம் என்பார்கள். உடன்பிறந்தாளின் தாலிக்கு அவன் பங்கம் வரவிட மாட்டான் அல்லவா?

1961-ம் ஆண்டோடு அந்தப் பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் அது போன்ற வேலை ஒன்று விளையாட்டு மைதானங்களில் இன்றும் நடக்கிறது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிறாரே பயிற்சியாளர், அவரும் கயிறு பிடிப்பவர்தான். ஆட்டம் உள்ளே நடக்கும்; பழி வெளியே வரும்.

கீழே இறங்கி முத்து எடுத்து, பிறகு மேலே நின்று கயிறும் பிடித்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் ஹாக்கி வீரர் வாசுதேவன் பாஸ்கரன்.

மாஸ்கோவில் தங்கம்

பாஸ்கரன் 1950-ம் ஆண்டு பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரி மாணவர். 1976-ம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில் அவரும் இருந்தார். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் நடந்தது அப்போதுதான். மண்ணிலும் புல்லிலும் ஆடிப் பழகிய நம்மவர்கள் தடுமாறினார்கள். கிடைத்தது ஏழாவது இடம். 1928-ம் ஆண்டு முதல் பதக்கமின்றித் திரும்பியறியாத இந்தியா, அந்த முறை வெறுங்கையோடு திரும்பியது.

நான்கு ஆண்டுகள் கழித்து மாஸ்கோவில் பாஸ்கரன்தான் காப்டன். ஆப்கானிஸ்தானில் ரஷியப் படை நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்தப் போட்டியைப் புறக்கணித்தன. மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் ஆகிய பலம் வாய்ந்த அணிகள் வரவில்லை. ‘வலுவான எதிரி இல்லாமல் வாங்கிய தங்கம்’ என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. ஆனால் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஸ்பெயினுக்கு எதிராக இந்தியா 3-0 என்று முந்தி நின்றது. சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல், எம்.கே. கௌசிக் ஒரு கோல். அதன் பிறகு ஸ்பெயின் எழுந்தது. அடுத்தடுத்து இரண்டு கோல்! முகமது ஷாகித் நம் நான்காவது கோலைப் போட்டார். ஸ்பெயின் மீண்டும் ஒன்று போட்டது. 4-3! மிச்ச நேரம் முழுவதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆட்டம் அது. இந்திய ஹாக்கிக்கு எட்டாவது ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டு பாஸ்கரனுக்கு ‘பத்மஸ்ரீ’ விருது கிடைத்தது.

கோட்டுக்கு வெளியே

ஆடியவர் பயிற்சியாளர் ஆனார். இங்கேதான் கதை மாறுகிறது.

1998-ம் ஆண்டு ஹாலந்தின் யூட்ரெக்ட் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்கு அவர் பயிற்சியாளராகச் சென்றார். இந்தியாவுக்கு ஒன்பதாவது இடம். பதவி போயிற்று. மாஸ்கோவில் அவரோடு சேர்ந்து ஆடிய கௌசிக் அந்த இடத்துக்கு வந்தார். அதே ஆண்டு இறுதியில் பாங்காக்கில் ஆசியப் போட்டித் தங்கத்தை இந்தியா வென்றது. காப்டன், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை.

அப்படியானால் கௌசிக் கெட்டிக்காரர், பாஸ்கரன் சாதாரணம் என்று முடிவு கட்டலாமா? அவசரப்படாதீர்கள். தங்கத்தோடு திரும்பிய கௌசிக்கின் நாற்காலியும் நிலைக்கவில்லை. அவரும் மாற்றப்பட்டார், வென்று வந்த ஆட்டக்காரர்கள் பலரும் நீக்கப்பட்டார்கள். தோற்றவருக்கும் வெளியேற்றம், வென்றவருக்கும் வெளியேற்றம்!

2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டிக்கு மீண்டும் பாஸ்கரனை அழைத்தார்கள். அர்ஜெண்டினாவையும் ஸ்பெயினையும் வென்று, ஆஸ்திரேலியாவுடன் 2-2 என்று சமன் செய்து, நம் அணி அரை இறுதியின் வாசல் வரை வந்துவிட்டது. கடைசியாகப் போலந்தை வென்றால் போதும். இந்தியா 1-0 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் கூட இல்லாத நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது. 1-1. வாசல் அடைபட்டது. ஏழாவது இடம்.

மாஸ்கோவிலும் கடைசி நேரத்தில் எதிரி நெருக்கினான். அன்று பாஸ்கரன் கையில் மட்டை இருந்தது. ஓடிப் போய் மறிக்க முடிந்தது. சிட்னியில் அவரால் கோட்டைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியாது. பயிற்சியாளரின் வேதனை இதுதான். தமக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இன்னொருவர் கை வழியாகத்தான் வெளிப்பட வேண்டும்.

2006-ம் ஆண்டு உலகக் கோப்பைக்கு மூன்றாம் முறையாக அழைப்பு வந்தது. ஜெர்மனியில் நடந்த அந்தப் போட்டியில் இந்தியாவுக்குப் பன்னிரண்டு அணிகளில் பதினோராவது இடம். மறுபடியும் வெளியேற்றம்.

குரோவேஷியாவில் ஒருவர்

இது நம் நாட்டு வழக்கம் மட்டும்தானா? குரோவேஷியா என்ற சிறிய ஐரோப்பிய நாட்டைப் பார்ப்போம். அங்கே ஹாண்ட்பால் ஆட்டம் பிரசித்தம். அணிக்கு ஏழு பேர். பந்தைக் கையால் எறிந்து கோல் போடுவார்கள். அந்த அணியில் ஆடிய ஸ்லாவ்கோ கொலுஷா 1996 அட்லாண்டா, 2004 ஏதென்ஸ் என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2010-ல் பயிற்சியாளர் ஆனார். 2012-ம் ஆண்டு லண்டனில் அவரது அணிக்கு வெண்கலம் கிடைத்தது. ஆடியபோது தங்கம், ஆட்டுவித்தபோது வெண்கலம்! ஆனாலும் 2015 வரை அவர் பொறுப்பில் இருந்தார். கயிறு ஒரே கையில் சில ஆண்டுகள் இருந்தால்தான் அந்தக் கைக்கு அதன் அசைவு பிடிபடும்.

நம் ஹாக்கியிலும் அது பிறகு நடந்தது. 1992 பார்சிலோனாவில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய அணியில் ஆடிய கிரகாம் ரீட், 2019-ல் இந்தியப் பயிற்சியாளர் ஆனார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதே பிள்ளைகளோடு உழைத்தார். 2021-ல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. பாஸ்கரன் கொண்டுவந்த தங்கத்துக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்து வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

நம் மாவட்டத்துக் கயிறு

தூத்துக்குடி மாவட்டத்தில் ஹாக்கி என்றால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன அந்தக் கரிசல் ஊரில், தெருவுக்குத் தெரு மட்டை பிடித்த பையன்களைக் காணலாம். அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும், 2022-ம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராக நம் ஒரே கோலைப் போட்டவர் கார்த்தி. அந்த அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? முன்னாள் காப்டன் சர்தார் சிங். அவரும் கீழே இறங்கி மேலே வந்தவர்தான்.

பிள்ளைகளின் பெயரைப் பத்திரிகை போடுகிறது. விடியற்காலையில் விசிலோடு மைதானத்தில் நின்று அவர்களை ஆளாக்கியவரின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. தோற்றால் மட்டும் “கோச் சரியில்லை” என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிடுகிறது.

அடுத்த முறை உங்கள் ஊர் அணி தோற்கும்போது, கோச்சை மாற்றச் சொல்வதற்கு முன்னால் ஒன்றை விசாரியுங்கள். அந்தப் பிள்ளைகளோடு பழக அவருக்கு எத்தனை நாள் கொடுத்தோம்? படகில் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால், கடலுக்குள் இருப்பவன் யாரை நம்பி மூச்சை அடக்குவான்?