ரேஸ் காருக்கு ஒரு லாரி வேண்டும்!



கார் ரேஸ் என்றாலே நம்ம பசங்க என்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். கார்புரேட்டர், கேம் ஷாப்ட், சஸ்பென்ஷன் என்று ஹாஸ்டலில் விடிய விடிய விவாதம் நடக்கும். அந்தக் கார் ரேஸ் நடக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் மெக்கானிக் அண்ணன் ஒருவர் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்து, ட்ராக்கில் ஓட்டுவதற்காகத் தயார் செய்தார். லீவு நாட்களில் நானும் ஸ்பேனர் பிடித்தேன். கார் ரெடி. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோக வேண்டும். திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், தாராபுரம் வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். குறைந்த செலவில் ஒரு வண்டி பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மாதம் விசாரித்ததில் தெரிந்துகொண்டதை, நாளைக்கு உங்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஓட்டிக்கொண்டே போனால் என்ன?

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் சிலர் ஓட்டிவந்த காரிலேயே ரேஸும் ஓடினார்களாம். இன்று அது நடக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள். ட்ராக்கில் என்ஜின் போனாலோ, ஒரு வீல் உடைந்தாலோ எதை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புவீர்கள்? ஆக, ட்ராக் கார் என்றால் இன்னொரு வண்டியின் முதுகில்தான் போயாக வேண்டும்.

டிரெய்லர் கட்டி இழுக்கலாமா?

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பெரிய பிக்-அப் வண்டி, பின்னால் ரெண்டு ஆக்ஸில் டிரெய்லர், அதன் மேல் ரேஸ் கார். அமெரிக்காவில் அது சர்வ சாதாரணம். எங்கள் அண்ணனுக்கும் முதலில் அந்த ஆசைதான் இருந்தது. "ஒரு பழைய ஜீப்பு பிடிப்போம்லே, டிரெய்லர நம்ம பட்டறையிலயே அடிச்சுருவோம்" என்றார்.

ஆனால் நம் நாட்டில் டிரெய்லரும் சட்டப்படி ஒரு வாகனம். அதற்கும் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் நம்பரும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். பட்டறையில் வெல்டிங் அடித்த டிரெய்லருக்கு ஆர்.சி. வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. வண்டி பம்பருக்குக் கீழே இருக்கும் கொக்கி, சேற்றில் மாட்டினால் இழுத்து வெளியே எடுக்க மட்டுமே. அதில் டிரெய்லரை மாட்டக்கூடாது. டிரெய்லருக்கான கொக்கி சேஸிஸில் முறைப்படி பொருத்தப்பட வேண்டும்.

இதற்குள்ளே முதலாண்டு அப்ளைடு மெக்கானிக்ஸ் பாடமும் இருக்கிறது. மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. டிரெய்லர் 500 கிலோ, டயரும் டூல்ஸும் 150 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,300 கிலோ. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு, அதாவது 130 கிலோ, முன்பக்கக் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். கொக்கிக்கும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் இடையே 3.5 மீட்டர் என்றால், மொத்த எடையின் மையம் ஆக்ஸிலுக்கு முன்னால் 35 சென்டிமீட்டரில் விழ வேண்டும். மொமெண்ட் எடுத்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். காரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டால் கொக்கியில் எடை குறைந்து, வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். நெளிகிற டிரெய்லர் இழுக்கிற வண்டியையும் சேர்த்தே கவிழ்த்துவிடும்.

பிரேக் இன்னொரு பிரச்சினை. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் 1,800 கிலோ ஜீப்பின் பிரேக்தான் 3,100 கிலோவையும் நிறுத்த வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் டிரெய்லரின் இயக்க ஆற்றல் மட்டும் சுமார் 180 கிலோ ஜூல். 80-ல் போனால் அது 320 ஆகிவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, பிரேக் டிரம்முக்குப் போகும் சூடோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது!

டிரெய்லர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பிரேக்கும் பதிவும் சரியாக உள்ள டிரெய்லரும், அதை ஓட்டிப் பழகிய டிரைவரும் கிடைத்தால் நல்லதுதான். நம் பக்கம் ரெண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

சொந்தமாக ஒரு வண்டி வாங்கினால்?

பழைய டாடா 407 ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா என்றும் யோசித்தோம். 1986-லிருந்து ஓடுகிற மாடல், பார்ட்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும், உழைக்கிற வண்டி. ஆனால் சரக்கு வண்டிக்கு இன்சூரன்ஸ், வரி, எப்.சி. எல்லாம் உண்டு. எட்டு வருஷத்துக்கு மேல் ஆன வண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் எப்.சி. எடுக்க வேண்டும். வண்டி ஷெட்டில் நின்றாலும் செலவு நிற்காது. வருஷத்துக்கு மூன்று தடவை ட்ராக்குக்குப் போகிறவனுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. வாரம் முழுக்க வேறு வாடகை ஓட்டத் தெம்பு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வாடகை வண்டி: அடிக்கணக்கு

மிச்சம் இருப்பது வாடகை வண்டி. முதலில் டேப்பை எடுத்துக் காரை அளந்துகொள்ளுங்கள். மாருதி 800-ன் நீளம் 3.33 மீட்டர், அதாவது 11 அடி. அகலம் 1.44 மீட்டர். டாடா ஏஸ் கேட்கவே வேண்டாம், பாடி சின்னது. 8 அடி பாடியுள்ள வண்டியில் நாலு சக்கரமும் நிற்கும், ஆனால் காரின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சட்ட அளவுக்கு மேல் லோடு வெளியே நீட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். அந்தக் காசுக்கு டயர் வாங்கலாமே! அதனால் 14 அடி பாடி ஐஷர் மாதிரியான வண்டிதான் நமக்குச் சரி. கார் போக மீதி 3 அடியில் டயர், டூல் பாக்ஸ், ஜாக் எல்லாம் அடங்கிவிடும்.

லைசென்ஸ் விஷயம் ஒன்று. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதற்காக நீங்களே லாரியை எடுத்துவிடாதீர்கள். லோடு வண்டி ஓட்டுவது தனி வித்தை.

காலியாகத் திரும்பும் வண்டி

இனிமேல்தான் முக்கியமான விஷயம். தூத்துக்குடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் போய் கோயம்புத்தூருக்கு வாடகை கேட்டேன். அங்கே இருந்த அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒங்களுக்கு லாரி வேணுமா, இல்ல காலியா திரும்புத லாரி வேணுமா? ரெண்டும் வேற வேறல்லா!" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். உள்ளூர் வண்டி காரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி, ரேஸ் முடிந்ததும் மறுபடி வந்து ஏற்றினால் மொத்தம் 1,600 கி.மீ. லிட்டருக்கு 8 கி.மீ., டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டீசல் மட்டும் 18,400 ரூபாய். அதே வண்டி ரெண்டு நாள் அங்கேயே காத்திருந்தால் 800 கி.மீ., 9,200 ரூபாய் டீசல். கூடவே ரெண்டு நாள் ஹால்ட் வாடகையும் டிரைவர் பேட்டாவும் சேரும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. தூத்துக்குடி துறைமுக ஊர். திருப்பூர், கோவைப் பக்கமிருந்து சரக்கு இங்கே வந்து கப்பல் ஏறுகிறது. இறக்கிய லாரிகளில் பல திரும்ப லோடு கிடைக்காமல் நிற்கும். டி.என். 37, 38, 66 என்று கோவை நம்பர் போட்ட வண்டி எப்படியும் ஊர் திரும்பத்தான் வேண்டும். டீசல் எப்படியும் எரியத்தான் போகிறது. நம் காரை ஏற்றினால் அந்த டிரைவருக்கு வழிச் செலவு தேறும், நமக்கு வாடகை குறையும். ரேஸ் முடிந்து வரும்போது இதையே திருப்பிப் போடுங்கள். கோவையில் லோடு இறக்கிவிட்டு நிற்கும் டி.என். 69, அதாவது நம் தூத்துக்குடி வண்டியைத் தேடுங்கள்.

இதில் ஒரு கஷ்டம், நேரம் நம் கையில் இல்லை. வண்டி எப்போது காலியாகும் என்பது சரக்கு இறங்குவதைப் பொறுத்தது. அதனால் ஒரு நாள் முன்னதாகவே காரை அனுப்பும்படி திட்டம் போடுங்கள். வாடகையில் லாபம், நாளில் நஷ்டம். நாளைக் கொடுத்துக் காசை மிச்சம் பிடிப்பது நம்மைப் போன்ற மாணவர்களுக்கு முடியும்தானே?

ஏற்றுவது எப்படி?

லாரித் தளம் தரையிலிருந்து சுமார் 3 அடி உயரம். 10 அடிப் பலகை போட்டு ஏற்றினால் சாய்வு 17 டிகிரி. தாழ்வாக இறக்கிய காரின் மூக்கு பலகையில் இடிக்கும். லாரியின் பின்சக்கரம் பள்ளத்தில் நிற்கும்படி நிறுத்தி உயரத்தை 2 அடியாகக் குறைத்தால் சாய்வு 12 டிகிரிக்கு இறங்கிவிடும். இழுக்க வேண்டிய விசையும் சுமார் 195 கிலோவிலிருந்து 130 கிலோவாகக் குறையும். வாய்க்கால் கரையோ, குடோன் மேடையோ இருந்தால் இன்னும் சுலபம். என்ஜினைப் போட்டு ஓட்டி ஏற்றாதீர்கள். கைவிஞ்ச் வைத்து மெதுவாக இழுங்கள். காருக்கு நேர் பின்னால் யாரும் நிற்கவே கூடாது. ரெண்டு பேர் பக்கவாட்டில் நின்று சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டே வரட்டும்.

கட்டுவதில்தான் உயிர் இருக்கிறது

லாரி திடீரென்று பிரேக் போட்டால் லோடு முன்னால் பாயும். லோடு எடையில் 0.8 பங்கு விசையை முன்பக்கமும், 0.5 பங்கைப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் கட்டு தாங்க வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் விதி. 650 கிலோ காருக்கு முன்பக்கம் 520 கிலோ. காரைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ரெண்டு பெல்ட்தான் இதைத் தாங்கும். அவை 45 டிகிரி சாய்வில் இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 370 கிலோ இழுவிசை வரும். குழியில் விழும் அதிர்ச்சிக்கும் இடம் விட்டு, 1 டன் வேலைச்சுமை என்று அச்சடித்த ராட்செட் பெல்ட் நாலு வாங்குங்கள். முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு.

நம் பக்கம் படகுக்குப் பயன்படும் நைலான் கயிறு எளிதாகக் கிடைக்கும். "இதுலயே கட்டிருவோமே" என்று ஆசை வரும். வேண்டாம். நைலான் நீண்டு கொடுக்கும் குணமுள்ளது. நீண்ட கயிறு தளர்ந்த கயிறு. பெல்ட்டையும் பாடியில் மாட்டாமல் சக்கரத்தைச் சுற்றி மாட்டுங்கள். பாடி ஸ்பிரிங் மேல் ஏறி இறங்கும்போது பெல்ட் லூசாகும், சக்கரத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, நாலு சக்கரத்துக்கும் கட்டையை ஆணி அடித்து வையுங்கள். புறப்பட்டு செய்துங்கநல்லூர் வந்ததும் ஒரு டீக்கு நிறுத்தி பெல்ட்டை எல்லாம் மறுபடி இறுக்குங்கள். முதல் சில கிலோமீட்டரில்தான் எல்லாக் கட்டும் தளரும்.

இன்னும் மூன்று விஷயம். பெட்ரோல் டேங்கைக் கிட்டத்தட்டக் காலியாக வையுங்கள், பாட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். காரின் பேப்பர்களை டிரைவரிடம் கொடுத்து அனுப்புங்கள். மூன்றாவது, "கார் கூடவே வர்றோம்" என்று லாரித் தளத்தில் யாரும் ஏறக்கூடாது. பெல்ட் அறுந்தால் முதலில் நசுங்குவது அங்கே இருப்பவன்தான். டீம் பஸ்ஸில் போகட்டும்.

லாரியின் இன்சூரன்ஸ் நம் காருக்கு வரும் சேதத்தைத் தானாகக் கொடுத்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, டிரைவர்

வாடகையில் நூறு இருநூறு குறைக்கப் பேரம் பேசுங்கள், தப்பில்லை. டிரைவர் தூக்கத்தில் மட்டும் பேரம் வேண்டாம். பகல் முழுக்கத் துறைமுகத்தில் லைனில் நின்றவரை "ராத்திரியே கெளம்புங்க அண்ணே" என்று விரட்டினால், நாம் ஆயிரம் கணக்குப் போட்டுக் கட்டிய பெல்ட்டும் காப்பாற்றாது. சாயங்காலம் காரை ஏற்றிக் கட்டிவிடுங்கள். அவருக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்துப் படுக்க வையுங்கள். விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் செட்டிப்பாளையம்.

காரி ட்ராக்குக்குப் பெயர் தந்த எஸ். கரிவர்தன், சாதாரண மாருதி என்ஜினை வைத்தே குறைந்த செலவில் பார்முலா மாருதி காரை உருவாக்கி, நம் ஊர்ப் பையன்களும் ரேஸ் ஓட்டலாம் என்று காட்டியவர். பெரிய பணம் இல்லாவிட்டாலும் கணக்குத் தெரிந்தால் களத்தில் இறங்கலாம் என்பதற்கு அவர் உருவாக்கிய காரே சாட்சி. நண்பர்களே, நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். மொமெண்ட்டும் பிரிக்ஷனும் பரீட்சைப் பேப்பரில் 10 மார்க்குக்கு மட்டுமா? ஒரு லாரிக் கட்டில் அதைப் போட்டுப் பாருங்கள். நாலு பேர் உயிரும், ஒரு அண்ணனின் பல மாத உழைப்பும் அதில் பத்திரமாக ஊர் திரும்பும்.