தொட்டிக்குள் கடல் – 9: பாசிக்குப் படியளப்பவர்

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் பாசி வளர ஒளி, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் போதும். விதை தேவையில்லை, பாறையோடும் பவளத்தோடும் நத்தை ஓட்டோடும் அது தானே வந்து சேரும். கோல சிலாங்கூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தொட்டிகூட வேண்டாம். செம்பனைக்கு உரம் வீசிய பிறகு இரண்டு மழை பெய்தால் தோட்டத்துப் பாரிட்டில் பச்சை படர்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தஞ்சோங் காராங்கிலிருந்து செக்கிஞ்சான், சுங்கை பெசார் வரை நீளும் நெல்வயல்களின் வாய்க்கால்களிலும் இதே கதைதான். வயலில் உரம் போடுபவர் விவசாயி. தொட்டியில் போடுவது மீனுக்குத் தீனி போடும் கை.

அந்தக் கை எவ்வளவு போடுகிறது என்று கணக்குப் பார்க்கலாம். உலர்ந்த மீன் தீனியின் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம். அது முழுவதும் பாஸ்பேட்டாக மாறினால் சுமார் 30 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். பவளத் தொட்டிக்கு ஏற்றதென்று பொதுவாகச் சொல்லப்படும் அளவோ 0.03 முதல் 0.1 வரைதான். நாளைக்கு ஒரு கிராம் போட்டாலே ஒரே நாள் தீனியில் வரம்பு தாண்டிவிடுகிறது. ஒரு பகுதி மீனின் உடம்பில் சேரும் என்பது உண்மை. மிச்சமெல்லாம் கழிவாகத் தண்ணீருக்கே வந்து சேரும்.

இந்தக் கரையில் மலிவாகக் கிடைக்கும் தீனி கூனி இறால். பெலாச்சான் இடிக்கப் பயன்படும் அதே கெராகாவ்தான். அதை உறையவைத்துப் போட்டால் மீன்கள் விரும்பித் தின்னும். உருகி வழியும் சாற்றோடு கொட்டாமல் வடிகட்டியில் போட்டு அலசிப் போடுவது நல்லது. ஆனாலும் அலசுவதில் போவது சிறு பங்குதான். சத்தின் பெரும்பகுதி சதைக்குள் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவோடு நிறுத்துவதே உண்மையான சிக்கனம்.

தீனிக்கு அடுத்த வரவு தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது உப்பு வாங்கிக் கரைப்பானேன் என்ற எண்ணம் இங்கே இயல்பாகவே எழும். ஜெராம் கரையிலோ பாசிர் பெனாம்பாங் படகுத்துறையிலோ ஒரு கேன் மொண்டு பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்: சேறு கலங்கிய பழுப்புத் தண்ணீர். சிலாங்கூர் ஆறு கடலில் கலக்குமிடத்தில் உப்பின் அளவு அலைக்கும் மழைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். ஆறு சுமந்து வரும் தோட்டத்து உரமும் ஊர்க் கழிவும் அதில் இருக்கும். கெராங் வளர அந்தத் தண்ணீர் தோது, பவளத்துக்கு ஆகாது. கலவை உப்பை நல்ல நீரில் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 வருமாறு பார்த்துக்கொள்வதே சரியான வழி.

நல்ல நீர் எது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. ஆனால் அதில் சிலிக்கேட் உண்டு, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சம் இருக்கலாம். அந்தக் 'கொஞ்சம்' மலேசிய வெப்பத்தில் கொஞ்சமாகவே இருப்பதில்லை. மத்தியானத்தில் 31, 32 டிகிரி தொடும் வீட்டில் தொட்டியைக் குளிர்விக்கத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறு விசிறி ஓடும். விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கும். கூடவே தண்ணீரை ஆவியாக்கும். 200 லிட்டர் தொட்டியில் நாளைக்கு 2 லிட்டர் குறைந்து, அதைக் குழாய்த் தண்ணீரால் நிரப்புவதாகக் கொள்வோம். நூறு நாளில் ஒரு முழுத் தொட்டியளவு குழாய்த் தண்ணீர் உள்ளே போயிருக்கும். வெளியே போனது ஆவி மட்டும். குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியிலேயே தங்கிவிட்டன. மாதாமாதம் தண்ணீர் மாற்றியும் பாசி போகவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த நிரப்பு நீரைத்தான்.

ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடு) வடிகட்டியும் அதன் பின்னால் டிஐ (அயனி நீக்கும்) ரெசினும் இருந்தால் இந்த வரவு நின்றுவிடும். கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம்: ரெசின் தேயத் தொடங்கும்போது முதலில் நழுவி வருவது சிலிக்கேட், மீட்டரின் எண் ஏறுவதற்கு முன்பே அது வந்துவிடலாம். கழிவுக் குழாயில் போகும் தண்ணீரில் கடலுப்பு இல்லை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். வடிகட்டிய நீரை எப்போதும் ஒரு தோம்பில் சேமித்து வைப்பது இந்த மாநிலத்தில் ஆடம்பரம் ஆகாது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே கோங் ஆற்றில் கழிவு கலந்தபோது சிலாங்கூர் ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. தண்ணீர் திரும்ப வந்ததும் முதலில் வரும் கலங்கலை வடிகட்டிக்குள் விடாமல் ஓடவிட்டுவிட வேண்டும்.

வரவைக் குறைத்த பிறகே எந்தப் பாசி என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. புதுத் தொட்டியில் சில வாரங்களுக்குள் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள் படிந்தால் அது டயாட்டம். சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போய்விடும். இதற்காகக் கடைக்கு ஓடுவது வீண் செலவு. கருஞ்சிவப்புச் சவ்வாகப் படர்ந்து, விரலால் இழுத்தால் தோல்போல உரிந்து வருவது சயனோபாக்டீரியா. நீலப்பச்சைப் பாசி என்று பாடநூல்கள் சொன்னாலும் இது பாக்டீரியா. நீரோட்டம் படாத மூலைகளே அதன் வீடு. மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அந்த மூலைக்கு ஓட்டம் திருப்பினால் பாதி வேலை முடிந்தது.

பச்சை முடிபோலத் தொங்குவதை முதலில் கையால் பிடுங்க வேண்டும். பாறையை வெளியே எடுக்க முடிந்தால் தொட்டி நீர் நிரம்பிய வாளியில் வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பது நலம். தொட்டிக்குள் தேய்த்தால் துண்டுகள் பறந்து வேறிடத்தில் குடியேறும். பச்சைக் கண்ணாடிக் கோலிபோல உருள்வது வலோனியா. கோலி முழுவதும் ஒரே உயிரணு என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கும். அதை உடைக்காமல் அடியோடு பெயர்த்தெடுக்க வேண்டும். ஊதா நிறத்தில் பாறையோடு ஒட்டிய கடினமான பூச்சைச் சுரண்டவே கூடாது. அது பவளப்பாசி, தொட்டி தேறிவிட்டதற்கு அடையாளம்.

இவற்றிலெல்லாம் தந்திரக்காரன் டைனோஃபிளாஜெல்லேட். குமிழ் கோத்த பழுப்புச் சளியாகப் பகலில் தொங்கி, இரவில் பெரும்பாலும் மறைந்துவிடும். அதைத் தின்னும் நத்தைகள் மயங்கி விழும். 1976-ல் சபா கடலில் செந்நீராகப் பெருகி, சிப்பி தின்றவர்களின் உயிரைக் குடித்த பைரோடினியம் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே. டயாட்டமா இதுவா என்று பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. சளியோடு கொஞ்சம் தண்ணீரைச் சீசாவில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காப்பி வடிக்கும் காகிதத்தில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மறுபடி நூல் நூலாகத் திரண்டால் டைனோ. இது பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமான தொட்டியில்தான் தலைகாட்டும். போட்டிக்கு ஆளில்லாத காலி நிலம் அதற்குப் பிடிக்கும். ஆகவே சத்தை முழுக்கத் துடைத்தெடுப்பதும் தவறு. நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை இருப்பது ஆரோக்கியம்.

சோதனைக் குப்பி காட்டும் பூஜ்யத்தையும் அப்படியே நம்ப முடியாது. பாறை நிறையப் பச்சை முடி வளர்ந்திருக்கும்போது பாஸ்பேட் பூஜ்யம் வந்தால், வருவதையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்கிறது என்று பொருள்.

ஒளியைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. நாளைக்கு எட்டு மணி நேரம் போதும். காலை வெயில் நேராக விழும் ஜன்னலோரம் தொட்டி வைக்கக் கூடாது.

பாசி தின்னும் பிராணிகளில் டர்போ, டிரோக்கஸ் நத்தைகள் நம்பகமானவை. மீன்களில் ஒரா குடும்பம் நன்றாக மேயும். ஆனால் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, சிறு தொட்டிக்கும் ஒத்துவராது. சந்தையில் விற்கும் பெலித்தோங் நத்தையைத் தொட்டியில் விட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரலாம். அது அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழ்ந்து மரமேறும் பிராணி. தொட்டியிலும் கண்ணாடி ஏறி வெளியேறப் பார்க்கும். மேயும் பிராணி எதுவானாலும் தின்றதைத் தொட்டிக்குள்ளேதான் கழிக்கும் என்பதை மறக்கக் கூடாது. சத்து வடிவம் மாறுகிறதே தவிர வெளியேறுவதில்லை.

வெளியேற்றும் வழிகள் சிலவே: கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் கக்கும் கருநுரை, வாரம் பத்து சதவீத நீர்மாற்றம், பக்கத் தொட்டியில் வளர்க்கும் கீட்டோ பாசி. கீட்டோவை இரவில் விளக்கு போட்டு வளர்த்து, மாதம் ஒரு பிடி அள்ளி எறிந்தால் அதோடு பாஸ்பேட்டும் போய்விடும். கண்டல் நாற்று நடுகிறவர்களும் உண்டு. அழகுக்கு நடலாம், அது உறிஞ்சும் வேகம் மிக மெல்லியது. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் விழுந்து கிடக்கும் கண்டல் காயை எடுத்து வருவது மட்டும் வேண்டாம்.

இரும்பு ஆக்சைடு குருணை பாஸ்பேட்டை வேகமாகப் பிடிக்கும். முதல் நாளே முழு அளவு போட்டால் பவளம் வெளுத்துவிடும். பாதியில் தொடங்க வேண்டும். சயனோவுக்கு ஆன்டிபயாட்டிக் ஊற்றுவது கடைசிக் கட்டத்துக்கு உரியது. நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது. செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் இந்தத் தொட்டிக்குள் வரக் கூடாது. நத்தையும் இறாலும் செத்துவிடும்.

பழைய பாறை, உறிஞ்சி வைத்த பாஸ்பேட்டைத் தண்ணீர் சுத்தமான பிறகும் மெல்ல மெல்லக் கசியவிடும். அது அடங்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை வார நீர்மாற்றமும் பழைய பல்துலக்கியும் தொடர வேண்டியதுதான்.